ஃப்ளாப்பியை வளர்த்தவரே அதற்குக் குழியும் தோண்டினார்! யார் இந்த ஆலன் ஷுகார்ட்? ஃப்ளாப்பி இன்றும் எங்கே ஓடுகிறது?

வேர்டிலோ எக்செலிலோ ஒரு ஃபைலை சேவ் பண்ண எதைத் தட்டுவீங்க? மூலையில் சின்னதா ஒரு சதுரம் இருக்கும். 2000-க்குப் பிறகு பிறந்த பலருக்கு அது வெறும் சேவ் பட்டன். ஆனால் ஒரு காலத்தில் அந்தச் சதுரம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய ஒரு பொருள். அதுதான் ஃப்ளாப்பி டிஸ்க்.

அதில் கடைசிவரை பரவலாகப் புழங்கிய வகை தாங்கியது 1.44 எம்பி. உங்கள் போனில் எடுக்கும் போட்டோ ஒன்று 3 எம்பி இருந்தால், அதை வைக்க இரண்டு ஃப்ளாப்பி பத்தாது, மூன்றாவது ஒன்றும் வேண்டும்.

இப்படி ஒரு சாதனம் எப்போதோ செத்துப் போயிருக்க வேண்டும் இல்லையா? ஆனால் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கு அடியில் ஓடும் மெட்ரோ ரயில்களைக் கட்டுப்படுத்தும் கணினி, தினமும் காலையில் 5.25 இன்ச் ஃப்ளாப்பியில் இருந்துதான் தன் மென்பொருளை வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தது. அதை மாற்ற சுமார் 21 கோடி டாலர் ஒப்பந்தத்துக்கு அந்த நகரம் ஒப்புதல் கொடுத்ததே 2024 அக்டோபரில்தான்.

அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் ஊர் சான் ஹோசே. ஃப்ளாப்பி பிறந்தது அங்கேதான். அதன் கதையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பெயர், ஆலன் ஷுகார்ட்.

ரிப்பேர் வேலையில் தொடங்கியவர்

1930 செப்டம்பர் 27-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர் ஷுகார்ட். ரெட்லண்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயற்பியல் படித்தார். 1951-ல் பட்டம் வாங்கிய மறுநாளே ஐபிஎம் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பெரிய ஆராய்ச்சி வேலை எல்லாம் இல்லை. வாடிக்கையாளர்களின் இடத்துக்கே போய் மெஷின்களை ரிப்பேர் செய்யும் ஃபீல்டு இன்ஜினியர்.

அந்தக் காலத்தில் கணினிக்குத் தகவல் கொடுப்பது துளை போட்ட அட்டைகள் வழியாக. ஒரு அட்டையில் 80 எழுத்து. ஆயிரம் பெயர்களைப் பதிய ஒரு கட்டு அட்டை தூக்க வேண்டும். கட்டு கைதவறிக் கீழே விழுந்தால் வரிசை கலைந்தது, அன்றைய பொழுதும் போச்சு.

சான் ஹோசேயில் இருந்த ஐபிஎம் ஆய்வுக்கூடம் இதற்கு வேறு வழி தேடிக்கொண்டிருந்தது. ஷுகார்ட் அங்கே மாற்றப்பட்டார். அங்கே உருவான ராமாக் என்ற கணினி 1956-ல் அறிமுகமானது. உலகின் முதல் ஹார்டு டிஸ்க் அதில்தான் வந்தது. 24 இன்ச் அகலத்தில் 50 தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. எடை கிட்டத்தட்ட ஒரு டன். இவ்வளவும் சேர்ந்து தாங்கியது 50 லட்சம் எழுத்துகள், அதாவது சுமாராக 5 எம்பி. இந்த 5 எம்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

ராமாக் குழுவில் வேலை பார்த்த ஷுகார்ட், 1960-களின் கடைசியில் ஐபிஎம்மின் டிஸ்க் தயாரிப்புகளுக்கு மேலாளராக இருந்தார்.

ஃப்ளாப்பி எதற்காகப் பிறந்தது?

பலரும் நினைப்பது போல ஃபைல் சேமிக்க இல்லை. இந்த இடம்தான் கதையிலேயே முக்கியமானது.

ஐபிஎம் அப்போது சிஸ்டம் 370 என்ற பெரிய கணினிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அவற்றில் சில மாடல்களில் கணினியின் அடிப்படைக் கட்டளைகள் செமிகண்டக்டர் நினைவகத்தில் இருக்கும். அதில் ஒரு சிக்கல். கரண்ட் போனால் எல்லாம் அழிந்துவிடும். மறுபடி ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டளைகளை முதலில் இருந்து ஏற்றியாக வேண்டும். கட்டளைகளில் ஏதாவது திருத்தம் வந்தால், அதை உலகம் முழுக்க உள்ள வாடிக்கையாளர்களுக்குத் தபாலில் அனுப்பவும் முடிய வேண்டும். விலையும் குறைவாக இருக்க வேண்டும்.

1967-ல் இந்த வேலையை டேவிட் நோபிள் என்ற பொறியாளரிடம் ஒப்படைத்தார்கள். ஷுகார்ட்டின் பிரிவில் வேலை செய்தவர் அவர். முதலில் டேப்பை வைத்து முயன்று பார்த்தார், சரிப்படவில்லை. பிறகு மெல்லிய பிளாஸ்டிக் வட்டில் இரும்பு ஆக்சைடு பூசி, அதில் காந்தமாகத் தகவலைப் பதியும் யோசனைக்கு வந்தார்கள். வட்டு வளைந்து கொடுக்கும். தொளதொளவென்று இருக்கும். ஃப்ளாப்பி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அதனால்தான்.

அடுத்த வில்லன் தூசி. வட்டின் மேல் ஒரு தூசி உட்கார்ந்தால் தகவல் காலி. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். வட்டை ஒரு சதுர உறைக்குள் போட்டு, உறையின் உள்பக்கம் துணி வைத்தார்கள். வட்டு சுற்றச் சுற்ற துணியே தூசியைத் துடைத்துவிடும். சேவ் பட்டன் வட்டமாக இல்லாமல் சதுரமாக இருக்க இந்த உறைதான் காரணம்.

1971-ல் அது சந்தைக்கு வந்தது. 8 இன்ச் அகலம், சுமார் 80 கேபி. அதில் வாடிக்கையாளர் எதையும் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். கணினியை ஆன் செய்ததும் ஃப்ளாப்பி தன் கட்டளைகளை ஏற்றிவிட்டு ஓய்ந்துவிடும்.

ஷுகார்ட்தான் ஃப்ளாப்பியைக் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது அவ்வளவு சரியில்லை. உறைக்கான காப்புரிமை ரால்ஃப் ஃப்ளோரஸ், ஹெர்பர்ட் தாம்சன் ஆகியோர் பெயரில் இருக்கிறது. டிரைவுக்கான காப்புரிமையில் வாரன் டால்ஸியலும் இன்னும் இருவரும். ஷுகார்ட் மேலே இருந்த மேலாளர். ஒரு பொருளை யோசித்தவர் ஒருவர், அதை ஊரெங்கும் பரவ வைத்தவர் இன்னொருவர். ஷுகார்ட் இரண்டாவது ரகம்.

வெளியே வந்தார்... கூடவே ஆட்களும்!

ஃப்ளாப்பி சந்தைக்கு வரும் முன்பே, 1969-ல், ஷுகார்ட் ஐபிஎம்மை விட்டுப் போட்டி நிறுவனமான மெமொரெக்ஸுக்குத் தாவிவிட்டார். அவர் மட்டும் போகவில்லை. ஐபிஎம் பொறியாளர்கள் டஜன் கணக்கில் அவர் பின்னாலேயே போனார்கள். கீழே வேலை செய்தவர்களிடம் அவருக்கு அந்த அளவு செல்வாக்கு.

1972-ல் மெமொரெக்ஸ் வெளியிட்ட 650 என்ற டிரைவ், படிக்கவும் எழுதவும் முடிகிற ஃப்ளாப்பியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு வருடம் ஐபிஎம்மும் எழுதக்கூடிய ஃப்ளாப்பியோடு வந்தது. அதில் ஏறக்குறைய 2.4 லட்சம் எழுத்துகள் அடங்கும். கணக்குப் போட்டால் 3,000 துளை அட்டைகள். அட்டைக் கட்டுகளின் காலம் முடியத் தொடங்கியது இங்கேதான்.

அதே 1973-ல் ஷுகார்ட் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். பெயர் ஷுகார்ட் அசோசியேட்ஸ். சிறு வியாபாரிகளுக்கு ஃப்ளாப்பி, பிரின்டர் எல்லாம் சேர்த்து ஒரு முழுக் கணினியையே கொடுக்க வேண்டும் என்பது அவர் திட்டம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தயாரிக்கப் போய், விற்க ஒரு பொருள்கூட ரெடியாகும் முன்பே காசு கரைந்துவிட்டது. முதலீட்டாளர்கள் பொறுமை இழந்தார்கள். 1974-ல் அவர் வெளியே இருந்தார். துரத்தப்பட்டாரா, தானே போனாரா என்பதை இரண்டு விதமாகவும் சொல்வதுண்டு. கதவில் அவர் பெயர், ஆனால் உள்ளே அவர் இல்லை. அந்த மட்டும் நிச்சயம்.

பெயரை வைத்துக்கொண்டு ஜெயித்த நிறுவனம்

அவர் போன பிறகு அந்த நிறுவனம் ஃப்ளாப்பி டிரைவ் மட்டும் போதும் என்று முடிவெடுத்தது. அந்த முடிவு செமையாகக் கைகொடுத்தது. 8 இன்ச் டிரைவ் மேஜைக் கணினிக்கு ரொம்பப் பெரிசு என்று வாங் லேபரட்டரீஸ் போன்ற வாடிக்கையாளர்கள் சொல்ல, 1976-ல் 5.25 இன்ச் ஃப்ளாப்பி டிரைவ் வந்தது. மாடல் பெயர் எஸ்ஏ 400. கொள்ளளவு சுமார் 110 கேபி. பாரில் கொடுக்கும் பேப்பர் நாப்கின் அளவைப் பார்த்துத்தான் அந்த 5.25 இன்ச்சை முடிவு செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நிஜமோ இல்லையோ, நன்றாக இருப்பதால் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

1977-ல் ஜெராக்ஸ் அந்த நிறுவனத்தையே வாங்கியது. ஆப்பிள் 2 கணினிக்கு ஃப்ளாப்பி டிரைவ் வேண்டும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் தேடிப் போனதும் இதே ஷுகார்ட் அசோசியேட்ஸுக்குத்தான். அவர்களிடம் எலக்ட்ரானிக்ஸ் பாகங்களைக் குறைத்த மலிவான டிரைவை வாங்கி, அதற்கான சர்க்யூட்டை ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்தார். அதுவரை வீட்டுக் கணினிக்காரர்கள் ஆடியோ கேசட்டில் புரோகிராமைப் பதிந்து, நிமிடக்கணக்கில் காத்திருந்தார்கள். ஃப்ளாப்பி வந்த பிறகு காத்திருப்பு நொடிகளுக்கு இறங்கியது. கணினி வீட்டுக்கும் கடைக்கும் வந்ததில் ஃப்ளாப்பிக்குப் பெரிய பங்கு உண்டு.

இவ்வளவும் நடக்கும்போது அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் எங்கே இருந்தார்?

சான்டா குரூஸ் கடலோரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நண்பர்களோடு சேர்ந்து ஒரு பாரில் பங்கு வாங்கினார். சால்மன் பிடிக்கும் படகு ஒன்று வாங்கி, பிடித்ததை விற்கவும் செய்தார். இடையிடையே நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் வேலை. இப்படியே சில வருடம் ஓடியது.

ஐம்பதை நெருங்கும்போது இரண்டாவது இன்னிங்ஸ்

1979-ல் பழைய கூட்டாளி ஃபினிஸ் கானர் ஒரு யோசனையோடு வந்தார். ஹார்டு டிஸ்க் அப்போதும் பெரிய கணினிகளுக்கான பெரிய சாமான். அதையே 5.25 இன்ச் ஃப்ளாப்பி டிரைவ் அளவுக்குச் சுருக்கினால்?

இருவரும் சேர்ந்து புது நிறுவனம் ஆரம்பித்தார்கள். ஷுகார்ட் டெக்னாலஜி என்று பெயர் வைத்தார்கள். ஆனால் ஷுகார்ட் என்ற பெயர் ஏற்கெனவே ஜெராக்ஸிடம் போய்விட்டதே! தன் பெயரையே தன் கம்பெனிக்கு வைக்க முடியாத நிலை. கடைசியில் சீகேட் டெக்னாலஜி என்று மாற்றினார்கள். ஆமாம், இன்று கடையில் எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் கேட்டால் எடுத்துக் காட்டும் அதே சீகேட்தான்.

1980-ல் அவர்களின் முதல் தயாரிப்பு எஸ்டி 506 வந்தது. கொள்ளளவு 5 எம்பி. ராமாக்கில் ஒரு டன் எடை பிடித்த அதே அளவு தகவல், இப்போது இரண்டு கையால் அலுங்காமல் தூக்கக்கூடிய ஒரு பெட்டிக்குள். அதைவிடக் கில்லாடித்தனம் அளவில் இருந்தது. நீளம், அகலம், உயரம் எல்லாம் எஸ்ஏ 400 ஃப்ளாப்பி டிரைவின் அளவேதான். கணினி தயாரிப்பவர் பெட்டியை மாற்றத் தேவையில்லை. ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு அதே பொந்தில் இதைப் பொருத்திவிடலாம். தன் பெயரைத் தாங்கிய ஃப்ளாப்பியின் இருக்கையிலேயே அதன் எதிரியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார் ஷுகார்ட்.

1981-ல் வந்த ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் கிடையாது, ஃப்ளாப்பி மட்டும்தான். 1983-ல் வந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினியில் 10 எம்பி ஹார்டு டிஸ்க் சேர்ந்தது. அதைச் செய்து கொடுத்த முக்கிய நிறுவனம் சீகேட். ரிப்பேர்காரராக நுழைந்த இடத்துக்கே 32 வருடம் கழித்துச் சரக்கு சப்ளை!

இங்கே ஒரு சின்னச் சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் கணினியில் முதல் டிரைவ் ஏன் ‘சி’யில் ஆரம்பிக்கிறது? ‘ஏ’யும் ‘பி’யும் எங்கே போயின? அந்த இரண்டு எழுத்தும் இரண்டு ஃப்ளாப்பி டிரைவுகளுக்கு ஒதுக்கப்பட்டவை. பின்னால் வந்த ஹார்டு டிஸ்க்குக்குக் கிடைத்தது மூன்றாவது இடம். முதல் இருவரும் காலி செய்த பிறகும் அந்த நாற்காலிகளில் தானாக யாரும் உட்காருவதில்லை.

நாயைத் தேர்தலில் நிறுத்தியவர்

சீகேட் வளர்ந்து உலகின் பெரிய ஹார்டு டிஸ்க் நிறுவனங்களில் ஒன்றானது. நடுவில் பிரிந்து போன கானர் சொந்தமாக ஆரம்பித்த கானர் பெரிஃபெரல்ஸ் நிறுவனம், 1996-ல் சீகேட்டோடு வந்து சேர்ந்தது. ஷுகார்ட் கோட் சூட் ஆசாமி இல்லை. பெரும்பாலும் பூப்போட்ட ஹவாய் சட்டைதான்.

அரசியல்வாதிகள் மேல் அவருக்கு ஏகக் கடுப்பு. 1996-ல் தன் வளர்ப்பு நாய் எர்னெஸ்டை அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் நிறுத்த முயன்றார். முயற்சி பலிக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை. அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். 2000-ல் கொஞ்சம் சீரியஸாகவே இறங்கினார். வேட்பாளர் யாரையும் பிடிக்கவில்லை என்று வாக்களிக்கும் வசதி, அதாவது நம்ம ஊர் நோட்டா மாதிரி ஒன்று, கலிஃபோர்னியாவுக்கு வேண்டும் என்று ஒரு முன்மொழிவை மக்கள் வாக்கெடுப்பு வரை கொண்டுபோனார். தோற்றது. இந்தியாவில் நோட்டாவுக்கு வழிசெய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த தேதி 2013 செப்டம்பர் 27. அவர் பிறந்தநாளும் அதுதான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தேதிதான் ஒத்துப்போகிறது.

1998: ஒரே கோடையில் இரண்டு வெளியேற்றம்

1998-ல் ஹார்டு டிஸ்க் சந்தையில் கடும் விலைப் போட்டி. சீகேட்டுக்கு நஷ்டம், ஆட்குறைப்பு. அந்த ஜூலையில் நிர்வாகக் குழு ஷுகார்ட்டைப் பதவி விலகச் சொன்னது. தான் உருவாக்கிய இரண்டாவது நிறுவனத்திலும் அதே கதை. அப்போது அவருக்கு 67 வயது.

அடுத்த மாதமே இன்னொன்று நடந்தது. ஆப்பிளின் ஐமேக் விற்பனைக்கு வந்தது. ஃப்ளாப்பி டிரைவ் இல்லாமல்! அன்று பலர் சிரித்தார்கள். பிறகு எல்லா நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன. 3.5 இன்ச் ஃப்ளாப்பியை 1981-ல் கொண்டுவந்த சோனியே, 2011-ல் ஜப்பானில் அதன் விற்பனையை நிறுத்திக்கொண்டது.

சீகேட்டுக்குப் பிறகு புது நிறுவனங்களுக்குத் துணை நிற்கும் வேலையில் இருந்தார் ஷுகார்ட். இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால், 2006 டிசம்பர் 12-ல் மான்டரேயில் காலமானார். வயது 76.

சரி, இன்றைக்கு ஃப்ளாப்பிக்கு வேலை இருக்கா?

வீட்டில், ஆபீஸில் இல்லவே இல்லை. டீ குடிக்கிற நேரத்தில் பல ஜிபி வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. ஆனால் சில மெஷின்கள் போன் மாதிரி மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுவதில்லை. விமானம், ரயில் சிக்னல், தொழிற்சாலை மெஷின் எல்லாம் 30 வருடம் ஓடும் என்று கணக்குப் போட்டு வாங்குபவை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதில் ஒரு பாகத்தை மாற்றினால்கூட, பாதுகாப்புச் சோதனை எல்லாம் முதலில் இருந்து. அதனால் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

அமெரிக்க அணு ஆயுதப் படைக்கு உத்தரவுகளைக் கொண்டுசெல்லும் கணினி அமைப்பில் 8 இன்ச் ஃப்ளாப்பி இருந்ததை, 2016-ல் அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அது மாற்றப்பட்டது 2019-ல். போயிங் 747-400 விமானங்களில் வழித்தடத் தகவல்களை 28 நாளுக்கு ஒருமுறை 3.5 இன்ச் ஃப்ளாப்பியில் கொண்டுபோய் ஏற்றினார்கள். ஜப்பானில் அரசுக்குத் தகவல் கொடுக்க ஃப்ளாப்பியைக் குறிப்பிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிகளை ஒழித்து முடித்தது 2024-ல்தான்.

ஜப்பானின் காகித விதிகளை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ ரயில் கணினிக்குக் காலையில் மென்பொருள் ஏற்றுவது. விமானத்துக்குப் புது வழித்தடம் ஏற்றுவது. 1971-ல் ஐபிஎம் எந்த வேலைக்காக ஃப்ளாப்பியைப் பெற்றெடுத்ததோ, கிட்டத்தட்ட அதே வேலை. ஒரு மெஷினுக்கு அது செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுப்பது. அதற்கு ஒரு எம்பியே தாராளம். ஃபைல், போட்டோ, கேம் என்று நடுவில் வந்த வேலைகள் எல்லாம் நடுவிலேயே போய்விட்டன.

ஆனால் சிக்கலும் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் ஃப்ளாப்பித் தயாரிப்பை எப்போதோ கைவிட்டுவிட்டன. இன்று கிடைப்பவை பெரும்பாலும் பழைய ஸ்டாக். காந்தப் பூச்சு வருடங்கள் போகப் போகப் பழுதாகும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒருநாள் காலையில் டிஸ்க் படிக்கவில்லை என்றால் மெஷினும் எழுந்திருக்காது. சான் பிரான்சிஸ்கோ அவ்வளவு பணத்தை எடுத்து வைத்தது இந்தப் பயத்தில்தான்.

இந்த அளவு செலவு செய்ய முடியாத சின்னப் பட்டறைகள் என்ன செய்கின்றன? பழைய எம்பிராய்டரி மெஷின், இரும்பு கடையும் சிஎன்சி மெஷின், மேடைக் கச்சேரிக்கான பழைய கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. கோடெக் என்ற சின்னப் பெட்டி. ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு அதே இடத்தில், அதே 34 பின் வயரில் இதை மாட்டி, முன்பக்கம் பென் டிரைவைச் செருகினால் முடிந்தது. மெஷின் தனக்கு இன்னும் ஃப்ளாப்பிதான் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓடும். 1980-ல் எஸ்டி 506 செய்த அதே வித்தை.

அந்த 34 பின் இணைப்பு எஸ்ஏ 400 டிரைவோடு வந்தது. அதற்கு இன்றும் ஷுகார்ட் இன்டர்ஃபேஸ் என்றுதான் பெயர், அவர் வெளியே போன பிறகு வந்திருந்தாலும். கோடெக் பெட்டிக்குப் பலர் ஏற்றிக்கொள்ளும் ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற இலவச மென்பொருளில் ஒரு செட்டிங் ஃபைல் உண்டு. எந்த வகை இணைப்பு என்று அதில் ஒரு வரி. சில மெஷின்களுக்கு அந்த வரியில் அவர் பெயரை டைப் செய்தால்தான் டிரைவ் வேலை செய்யும்.